ரெண்டே சீட்டு

ராயப்பன்பட்டியில் கார் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். திராட்சைக்கு நல்ல விலை கிடைத்த வருஷத்தில் எங்கள் தெருவிலேயே வரிசையாகக் கார்கள் நின்றதுண்டு. ஆனால் கூரை இல்லாத கார் வாங்கிவந்தவன் ஜீப் டிரைவர் இன்னாசி ஒருத்தன்தான். அதுவும் ஆனி மாதச் சாரலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கம்பம் மெட்டு மலையிலிருந்து நனைந்தபடியே இறக்கிக்கொண்டு வந்தான்.

மாதா கோயில் முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்த சுருளியாண்டி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலே இன்னாசி, கூரைய எங்கன விட்டுட்டு வந்த?"

"மடக்கி வச்சிருக்குண்ணே. வேணும்னா இழுத்து மூடிக்கிரலாம்."

"அப்ப மூட வேண்டியதுதான?"

"பாதிதான் வருது. அதுக்கு மேல மாட்டிக்கிருச்சு."

மஞ்சள் நிறக் கார். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த இன்னாசியின் தலை டீக்கடை பெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஜீப்பின் உயரத்திலிருந்து ஊரைப் பார்த்துப் பேசியவன் அன்று எல்லாரையும் அண்ணாந்து பார்த்துப் பேசினான். முகத்தில் மட்டும் குறைச்சல் இல்லை.

அவன் ஏன் அதை வாங்கினான் என்று சொல்லாவிட்டால் இது வெறும் கோட்டிக்காரத்தனமாகத் தெரியும். கொஞ்சம் கிறுக்கும் உண்டுதான், ஆனாலும் காரணம் இருந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் கிழக்கு வெளுக்கும்போதே ஊருக்கு ஊர் ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் இடுப்பில் கட்டப் பாலிதீன் சாக்குமாகப் பெண்கள் ஏறுவார்கள். கம்பம் மெட்டு வளைவுகளில் ஏறிக் கேரளாவுக்குள் போய், வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்து, பொழுது சாய இறங்கி வருவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கம்பெனிக்காரன் ஒரு கணக்கு எழுதி வைத்திருப்பான். எங்கள் டிரைவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இன்னும் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க மட்டும்தான் தெரியும்.

அதனால் இங்கே ஜீப் வாங்கினால் முதலில் கோயிலில் கொண்டுபோய் மந்திரிப்பார்கள். அடுத்த நாளே வெல்டிங் பட்டறையில் விட்டுவிடுவார்கள். கம்பெனி போட்ட சீட்டைக் கழற்றிவிட்டு நீளவாக்கில் பெஞ்சு அடித்து, பின்னால் நின்றுகொண்டு போகப் படி வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்துக் கொடுப்பார் கம்பத்துக் கர்ணன். வண்டி கம்பெனியிலிருந்து வரும், சீட்டு பட்டறையிலிருந்து வரும். இன்னாசிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

அவன் மனைவி ஞானசெல்வியும் காய் எடுக்கப் போகிறவள். கூட்டமான நாளில் டிரைவர் சீட்டிலேயே அவனோடு ஒண்டிக்கொண்டு வருவாள். கியர் கம்பி அவள் முழங்காலை இடித்துக்கொண்டு நிற்கும். இன்னாசி கிளட்சை மிதித்து "ம்" என்றால் இவள் கியரைத் தள்ளுவாள். கொஞ்ச நாளில் அந்த "ம்" கூடத் தேவைப்படவில்லை. இஞ்சின் முக்குகிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் ஒரு டிரைவர் என்று பின்னாலிருந்து பெண்கள் கேலி பேசுவார்கள்.

போன மழைக்காலத்திலிருந்து அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஏலச்செடிக்கு மருந்தடித்த ஈரம் காய்வதற்குள் தூருக்குள் தலையைக் கொடுத்துக் காய் எடுக்க வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் அதே மருந்துதான், இவள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேனியில் பார்த்த டாக்டர், மாத்திரை எழுதித் தருகிறேன், ஆனால் அந்தத் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் வைத்தியம் என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு டாக்டருக்கு என்ன? மகன் ஜோ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். ஒருத்தர் சம்பாத்தியத்தில் அந்த வீடு நடக்காது.

அப்போதுதான் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சாரட்டு வண்டி வரவழைத்ததை இன்னாசி பார்த்தான். ஊர்வலம் முழுக்க இளசுகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே போனார்கள். குதிரைக்கே இத்தனை கிராக்கி என்றால் திறந்த காருக்கு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஊர்வலத்துக்கு வாடகை விட்டால் ஞானசெல்வி மலைக்குப் போக வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டன்மேட்டுத் தோட்டக்காரர் குரியச்சனின் மகன் அப்படி ஒரு காரை வைத்திருந்தான். அவன் கனடாவுக்குப் போய்விட, கார் ஏலக்காய் ஸ்டோருக்குள் கோழி ஏறி அடையும் இடமாகக் கிடந்தது. இன்னாசி தன் ஜீப்பை எங்கள் தெரு இமானுவேலிடம் விற்று, கையிருப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே போனான். கொண்டுபோன பணத்துக்கு வேறு திறந்த கார் எந்த ஊரிலும் கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும், குரியச்சனுக்கும் தெரியும்.

காரை அவன் பார்த்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடியில் படுத்துப் பார்த்தான். ஆயில் தொட்டு முகர்ந்தான். தோட்டத்து மேட்டில் ஏற்றிப் பார்த்து, இறக்கத்தில் பிரேக்கையும் பார்த்தான். கோழி எச்சத்தைக் கழுவிவிட்டால் வண்டி பொன்னாக இருக்கும் என்று முடிவு செய்தான்.

குரியச்சன் நேர்மையான மனிதர். சாவியைக் கொடுக்குமுன் சொன்னார்.

"எடோ இன்னாசி, இது ரெண்டு பேருக்கு உள்ள வண்டியாணு. பின்னே வந்து சண்டை பிடிக்க வேண்டா."

"சீட்டுத்தான மொதலாளி? அத நாங்க போட்டுக்கிருவோம்."

குரியச்சன் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். தமிழர்களுக்கு ஏதோ வழி தெரிந்திருக்கும் போல என்று விட்டுவிட்டார்.

மறுநாள் கம்பத்துப் பட்டறையில் கர்ணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கத்தை விரலால் தட்டினார். டொக்கு டொக்கு என்றது.

"என்னாண்ணே இது?"

"காருப்பா. பின்னாடி ஒரு பெஞ்சு அடிச்சுக் குடு. பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரு உக்காந்தாப் போதும். பூ வேலைப்பாடெல்லாம் வேண்டாம்."

"எதுல அடிக்க?"

"வண்டியிலதான்."

"இம்புட்டும் பைபருண்ணே. இரும்பு இருந்தாத்தான நான் பத்த வைக்க முடியும்? இதுல நெருப்பு வச்சா பெஞ்சு வராது, வண்டிதான் போகும்."

"அப்ப மேல ஏறி உக்காரட்டுமே. கூரை மடங்கி இருக்குதுல்ல, அந்த மூடி மேல."

கர்ணன் தன் கையை அந்த மூடிமேல் ஊன்றினார். அப்பளம் மாதிரி உள்ளே போய், கையை எடுத்ததும் மேலே வந்தது. இன்னாசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு ஏற்பட்ட மாதிரி ஒரு தப்பு மதுரைக்காரனுக்கோ சென்னைக்காரனுக்கோ ஏற்பட்டிருக்காது. அவர்கள் முதலில் சீட்டைத்தான் எண்ணியிருப்பார்கள்.

வீட்டில் ஞானசெல்வி கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். புளிச்சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு சீட்டுல உக்காந்துட்டா, ஓட்டுறவுக எங்கன உக்காருவாக?"

"அதாந் தெரியல."

"வாங்கும்போது தெரியலையா?"

"சீட்டுப் போட்டுக்கிரலாம்னு நெனச்சேன் செல்வி."

"ஜீப்ப வித்துட்டீகளே, ஜோ அப்பா. சோறு போட்ட வண்டி."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை. எழுந்துபோய், இனி மலை வேண்டாம் என்று முந்தின நாள் மச்சில் போட்டிருந்த பாலிதீன் சாக்கை எடுத்து உதறி, கொடியில் தொங்கவிட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் மறுபடி மலைக்குப் போனாள். இன்னாசியும் போனான். விற்ற ஜீப்பையே இமானுவேலிடம் கூலிக்கு ஓட்டினான். முன் சீட்டில் இடம் இருந்தும் ஞானசெல்வி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மெட்டு ஏறும்போது கியரை அவனே மாற்றிக்கொண்டான். பின்னாலிருந்து வரும் அவளுடைய இருமல் ஒவ்வொரு வளைவிலும் அவனுக்குக் கேட்டது. பெண்கள் கேலி பேசுவதை விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ராமுத்தாய் மட்டும் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி வருவாள்.

ஊர் சும்மா இருக்குமா? "ரெண்டு சீட்டு" என்று அவனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். கார் வீட்டு முன்னால் சாக்குப் போர்வையில் கிடந்தது. அதன்மேல் வெற்றிலைக்கொடியைப் படரவிடுங்கள், கூரையும் ஆச்சு நிழலும் ஆச்சு என்று யாரோ யோசனை சொன்னார்கள். நாங்களும் சிரித்தோம், இல்லை என்று சொல்லவில்லை.

கார் வருவதற்கு முன்பே இன்னாசி ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சுருளிப்பட்டியில் வாழை போட்டிருக்கும் சின்னக்கருப்பு, தன் மகள் திரிஷாவின் கல்யாணத்துக்கு முதல் ஆளாகக் கேட்டு வைத்திருந்தார். கல்யாணம் ஆவணியில். நேரில் போய் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினான். சின்னக்கருப்பு வாழையில் பக்கக் கன்று அறுத்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அரிவாளைத் தோளில் போட்டார்.

"ஏப்பா இன்னாசி, நான் ஒங்கிட்ட என்னத்துக்குக் கார் கேட்டேன்?"

"கல்யாணத்துக்கு."

"கல்யாணத்துல எதுக்கு? பொண்ணு அழைப்புக்குய்யா. எங்க பக்கம் மொத நா சாயந்தரம் பொண்ண மட்டும் ஊர்வலமாக் கூட்டிட்டு வந்து மண்டபத்துல விடுவோம். மாப்பிள்ள எங்க வர்றாரு அதுல? அவரு மறுநாத்தான் பக்கத்துல உக்காருவாரு. நீ ஓட்டு, பக்கத்துல புள்ள உக்காரட்டும். ரெண்டு சீட்டு. சரியாப் போச்சா?"

இன்னாசிக்கு அந்த வாழைத்தோட்டமே பிரகாசமாகிவிட்டது. அவன் பிறந்து வளர்ந்த வேதக்காரர் தெருவில் மாதா கோயிலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகத்தான் வருவார்கள். பக்கத்து ஊர்ப் பெண் அழைப்புகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். மனதில் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் மோட்டார் ரூமிலிருந்து சின்னக்கருப்பின் மனைவி முத்துப்பேச்சி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அது சரிப்படாதுண்ணே."

"ஏந் தங்கச்சி?"

"தப்பா நெனைக்காதீக. அம்புட்டுச் சின்ன வண்டி. புள்ளயும் ஒரு அன்னிய ஆம்பளையும் தோளோட தோள் ஒரசிக்கிட்டு உக்காந்து ஊரச் சுத்தி வந்தா, மாப்பிள்ள வீட்டுல என்ன பேசுவாக? போட்டோல்லாம் எடுப்பாக. எல்லாப் போட்டோலயும் நீங்கதான மாப்பிள்ள மாதிரி இருப்பீக?"

சின்னக்கருப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னாசிக்கு வரவில்லை. நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"புள்ளைக்கு அந்தக் காரு மேல உசுருதான்" என்றாள் முத்துப்பேச்சி. "பொம்பளை யாராவது ஓட்டுனாச் சொல்லுங்க. நான் இப்பவே வெத்தல பாக்குத் தாரேன்."

"எங்க வீட்ல ஓட்டும்" என்றான் இன்னாசி.

அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெற்றிலை பாக்கை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டு வாசலில் ஞானசெல்வி தூக்குவாளி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெற்றிலை பாக்கை அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னான்.

"நான் எப்ப ஓட்டுனேன்?"

"இத்தன வருசமா கியரு யாரு போட்டா?"

"கியரு போட்டா ஓட்டுனதா? காலு எங்க, ஸ்டேரிங்கு எங்க, லைசென்சு எங்க? கூரயில்லாத வண்டியில நான் உக்காந்து ஊருக்கு நடுவுல ஓட்டிட்டுப் போகவா? ஏற்கெனவே சிரிக்கிறாக. இன்னும் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும்னா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ மூச்சு விட்டாப் போதும் எனக்கு."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆடி மாசம் கல்யாணம் இல்ல" என்றான் இன்னாசி. "ஒரு மாசம் இருக்கு படிக்க."

"ஒரு சொல்லு வஞ்சீகன்னா எறங்கிப் போயிருவேன்."

ஆடி முழுக்கப் படிப்புதான். உத்தமபாளையத்தில் எல்.எல்.ஆர். போட்டார்கள். காரின் கேரளப் பேப்பரையும் அந்த மாதத்திலேயே மாற்றினார்கள். அதற்கு இன்னாசி அலைந்ததை எழுதினால் அது தனிக் கதையாகிவிடும். மலையிலிருந்து இறங்கியதும் சேலையில் ஒட்டியிருக்கும் ஏலச்சருகைத் தட்டிவிட்டு அவள் ஸ்டேரிங்கில் உட்காருவாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் போகிற மண் ரோட்டில் காற்று ஆளைத் தள்ளும். ஆடிக்காற்றில் பந்தல் கம்பியெல்லாம் ஊளையிடும்.

அவள் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, காலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கிளட்சை விட்டால் கார் தவளை மாதிரி தாவி நின்றுவிடும். வைய மாட்டேன் என்ற வாக்குறுதி முதல் நாளே காற்றோடு போய்விட்டது.

"பைய விடு. பைய. பையன்னா என்னன்னு தெரியாதா ஒனக்கு?"

"நீங்க வாய மூடுங்க. கத்துனா எனக்கு இஞ்சின் சத்தம் கேக்க மாட்டேங்குது."

"சத்தம் எதுக்குக் கேக்கணும்? ரோட்டப் பாரு."

"ரோட்டத்தான் பாக்குறேன். காதுக்கு என்ன வேல, அது சும்மாதான இருக்கு?"

அவன் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தான். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கிளட்சை விட்டுக்கொண்டே வந்து, இஞ்சின் சுருதி இறங்குகிற இடத்தில் காலை நிறுத்தினாள். கார் அதிராமல் நகர்ந்தது. இரண்டாவது கியர் விழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை. திராட்சைக்குக் கவாத்து செய்துகொண்டிருந்தவர்கள் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார்கள். ரோட்டுக் கடைசி வரை போய்த் திரும்பி வந்து நிறுத்திவிட்டு அவள் இருமினாள். இருமி முடித்துச் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்று பார்த்தேன் என்று இன்னாசி எங்களிடம் சொன்னான்.

ஆனால் ஊர்வலம் என்பது ஓட்டுவது அல்ல, ஓட்டாமல் ஓட்டுவது. கொட்டு முன்னால் போகும். ஆடுகிறவர்கள் நினைத்த இடத்தில் நிற்பார்கள். அரைக் கிளட்சில் ஆளோடு ஆளாக நகர வேண்டும், ஒரு குழந்தையின் காலில் ஏறிவிடக் கூடாது. அதற்கும் இன்னாசி வழி செய்தான். சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்புகிற ஆட்டு மந்தைக்குப் பின்னால் அவளை ஓட்டவிட்டான். ஆட்டுக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு அவருக்கே பிடித்துவிட்டது.

ஆவணி வந்தது. லைசென்ஸும் வந்தது. பெண் அழைப்பன்று காலையிலேயே இன்னாசி காரைக் கழுவித் துடைத்து, மாட்டிக்கொண்ட கூரையைக் கயிறு போட்டு உள்ளே அழுத்திக் கட்டிவிட்டான். ஞானசெல்வி பட்டுச்சேலை கட்டவில்லை. பொண்ணுதான் பட்டுக் கட்டணும், நான் டிரைவரு என்று சொல்லிவிட்டாள். வெளுத்த பருத்திச் சேலையை ஊக்குக் குத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்தாள்.

சுருளிப்பட்டிப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. திரிஷா நர்சிங் படித்த பெண். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள், அன்று சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, எல்லாரும் என்னையவே பாக்குறாக."

"என்னையும்தாந்தா பாக்குறாக."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். நீ சிரிச்ச மொகமா இரு, நான் ரோட்டப் பாத்துக்கிறேன். ஆளுக்கு ஒரு வேல."

திரிஷா நிஜமாகவே சிரித்துவிட்டாள். போட்டோக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

இன்னாசி காருக்குப் பக்கத்தில் நடந்தே வந்தான். அவன் கண் பெண்ணையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை, முன் சக்கரத்தை மட்டும் பார்த்தது. வழியில் வாய்க்கால் பாலம் ஒன்று இருக்கிறது. சின்ன மேடுதான், ஆனால் செங்குத்து. கொட்டுக்காரர்கள் பாலத்தின் உச்சிக்குப் போனதும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கார் மேட்டின் நடுவில் நின்றது. பின்னால் குழந்தைகளும் தட்டு ஏந்திய பெண்களும் நெருக்கமாக நின்றார்கள். கார் ஒரு சாண் பின்னால் உருண்டால் போதும்.

முத்துப்பேச்சி தட்டைப் பிடித்தபடி வெளிறிப்போனாள். இன்னாசி ஓடிப்போய் வரப்பில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். ஜீப்புக்கு மலையில் இப்படித்தான் அண்டை கொடுப்பார்கள்.

"கல்ல எடுங்க" என்றாள் ஞானசெல்வி, திரும்பிப் பார்க்காமலே.

"செல்வி, மேடு."

"தெரியுது. கல்லு வச்சா எடுக்கும்போது குதிக்கும். புள்ளைக்குத் தலையில பூ இருக்கு. நீங்க தள்ளி நில்லுங்க."

அவன் கல்லோடு தள்ளி நின்றான். கொட்டு மறுபடி நகர்ந்தது. அவள் கைப்பிரேக்கை விட்டாள். கார் பின்னால் ஒரு நெல் அளவுகூடப் போகவில்லை. முன்னால் ஏறி, பாலத்தின் உச்சியைத் தாண்டி, ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே இறங்கியது. தட்டு ஏந்திய பெண்களில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். அது பெண்ணுக்காகப் போட்டதா டிரைவருக்காகப் போட்டதா என்று யாரும் கேட்கவில்லை. இன்னாசி கல்லைக் கையில் வைத்துக்கொண்டே மண்டபம் வரைக்கும் வந்துவிட்டான். வாசலில் சுருளியாண்டிதான் பார்த்து, அதைக் கீழே போடுலே என்றார்.

மண்டபத்தில் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்திருக்கும்போதே மூன்று வீட்டுக்காரர்கள் ஞானசெல்வியைச் சூழ்ந்துகொண்டார்கள். வடுகபட்டியில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. கெங்குவார்பட்டியில் ஒரு பெண் அழைப்பு. அனுமந்தன்பட்டியில் ஒரு வேதக்காரர் வீட்டில், புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கும் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆம்பளை பக்கத்தில் உட்காராத வண்டி என்பதே இப்போது அதன் பெருமையாகிவிட்டது. எல்லாரும் அவளிடம் நேராகவே பேசினார்கள். இன்னாசி பாயசத்தை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த திங்கட்கிழமை விடியலில் வழக்கம்போல இன்னாசி ஜீப்பை எடுத்துக்கொண்டு பெண்களை ஏற்றியபடி தெருவுக்குள் வந்தான். தன் வீட்டு முன்னால் நிறுத்தினான். ஹாரன் அடிக்கவில்லை. அவளாக முடிவு செய்யட்டும் என்று பேசாமல் இருந்தான். ராமுத்தாய்தான் இறங்கிவந்து கூப்பிட்டாள்.

"ஏத்தா செல்வி, வெரசா வா. கங்காணி வைவான்."

ஞானசெல்வி காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நான் வரலக்கா."

"ஒடம்பு சொகமில்லையா?"

"சொகமாத்தான் இருக்கு. இனிமே வரல. நாளன்னிக்கு வடுகபட்டி போகணும். அப்பறம் கெங்குவார்பட்டி."

ஜீப்பிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் ஏக்கமும் இருந்தது. அவர்களுக்கு நாளைக்கும் மலைதான். ராமுத்தாய் காரின் கதவைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருத்தா. எனக்கெல்லாம் பொண்ணு அழைப்பே கெடையாது. எங்கப்பன் சந்தைக்கு ஆடு ஏத்திட்டு வந்த லாரில என்னையும் ஏத்தி விட்டுட்டாரு. ஆட்டோட ஆடாத்தான் இந்த ஊருல வந்து எறங்குனேன். மாப்பிள்ள வீட்டுக்காரக எந்த ஆட்ட எறக்குறதுன்னு யோசிச்சிருப்பாக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை.

ஞானசெல்வி இடது பக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏறுக்கா."

"போடி. இடுப்புல சாக்குக் கெடக்கு, சேலயெல்லாம் கறை. புது வண்டிய அழுக்காக்கவா?"

"ஏறுங்கன்றேன்ல."

ராமுத்தாய் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் சீட்டிலிருந்து இன்னாசி தலையை ஆட்டினான். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். கார் முன்னால் போக, ஜீப் பின்னால் வந்தது. மாதா கோயில் முக்கைத் தாண்டும்போது ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குலவை கிளம்பியது. அப்புறம் நிற்கவே இல்லை. இன்னாசி ஹாரனை விட்டு விட்டு அடித்தான். கம்பத்தில் கடை திறக்கிறவர்களும் பால்காரர்களும் யார் வீட்டு விசேஷம் என்று வெளியே வந்து பார்த்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு, திறந்த காரில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு இடத்தில், தெரியாத ஒருத்தருக்குக் கும்பிடு போட்டாள்.

மலை அடிவாரத்தில் முதல் வளைவுக்கு முன்னால் ஞானசெல்வி காரை ஓரமாக நிறுத்தினாள். ராமுத்தாய் இறங்கினாள்.

"போதுந்தா. இதுக்கு மேல போனா எனக்கும் எறங்க மனசு வராது."

அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். இன்னாசி ஞானசெல்வியைப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டான். ஜீப் வளைவில் திரும்பி மேலே போனது. ஞானசெல்வி சத்தம் தேயும்வரை இருந்துவிட்டுக் காரைத் திருப்பினாள்.

கூடலூர், காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம் என்று எல்லா ஊர் ஜீப்புகளும் எதிரே வந்துகொண்டிருந்தன. எல்லாம் நிறைந்து, எல்லாம் மலையைப் பார்த்து. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் கீழே இறங்கி வந்த வண்டி அவளுடையது ஒன்றுதான். ஒவ்வொரு ஜீப்பின் பின்படியிலிருந்தும் ஒரு கை அவளைப் பார்த்து நீண்டது. அவளும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே வந்தாள். இருமல் வரவில்லை.